பாயிண்டரை எண்ணாக்கி மறுபடி பாயிண்டராக்கினால் அதே பாயிண்டர்தானா? ஐஆர் வடிவமைப்பில் ஒரு சந்தேகம்

நிரல்வண்டு:

ஓய்வு நேரத்தில் ஒரு சின்ன கம்பைலர் எழுதிக்கொண்டிருக்கிறேன். சி மாதிரி ஒரு மொழி, நடுவில் எஸ்எஸ்ஏ வடிவத்தில் (ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு முறைதான் மதிப்பு) சொந்தமாக ஒரு ஐஆர், அதாவது கம்பைலரின் உள்ளே ஓடும் இடைநிலை மொழி, கடைசியில் எக்ஸ்86-64. ஐஆரில் பாயிண்டருக்குத் தனி வகை, 64 பிட் முழு எண்ணுக்குத் தனி வகை. இரண்டுக்கும் நடுவே போய்வர, எல்எல்விஎம் என்ற பிரபல கம்பைலர் கட்டமைப்பைப் பார்த்து இரண்டு கட்டளைகள் வைத்திருக்கிறேன்: பிடிஆர்-டு-இன்ட் (பாயிண்டரை எண்ணாக்கும்), இன்ட்-டு-பிடிஆர் (எண்ணைப் பாயிண்டராக்கும்). மெஷின் கோடுக்கு வரும்போது இரண்டுமே ஒன்றும் செய்யாது, ரெஜிஸ்டர் அப்படியே இருக்கும்.

இப்போது ஒரு எளிய சுருக்கம் சேர்க்கலாம் என்று பார்க்கிறேன். பாயிண்டரை எண்ணாக்கி, அந்த எண்ணை உடனே பாயிண்டராக்கினால், இரண்டு காஸ்டையும் தூக்கிவிட்டுப் பழைய பாயிண்டரையே போட்டுவிடலாம். ஒரு பிட்கூட மாறவில்லையே. ஆனால் கோடைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதைச் செய்யாதே, எல்எல்விஎம்-இலேயே இதை வைத்து வருஷக்கணக்காகப் பஞ்சாயத்து ஓடுகிறது" என்று சொல்லிவிட்டுக் காரணம் சொல்லாமல் போய்விட்டார்.

என்னதான் பிரச்சினை? இந்த இரண்டு கட்டளைகளுக்கும் சரியான பொருள்வரையறை எப்படி எழுதுவது? "பிட்களைக் காப்பி செய்" என்று ஒரு வரி போதாதா?

எட்டுபிட்:

போதும். பாயிண்டர் என்பது முகவரி, முகவரி என்பது எண். நான் மைக்ரோகன்ட்ரோலரில் வேலை செய்பவன். டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் ரெஜிஸ்டர் முகவரியை எண்ணாக எழுதி, அதைப் பாயிண்டராக்கி, அதில் ஒரு பிட்டை ஏற்றினால் எல்இடி எரிகிறது. இதில் தத்துவம் பேச ஒன்றுமில்லை. கம்பைலர் எழுதுபவர்கள்தான் இல்லாத சிக்கலை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

சுட்டிப்பையன்:

எட்டுபிட் சொல்வது ஹார்ட்வேருக்குச் சரி. ஐஆருக்குச் சரியில்லை. ஐஆர் ஒரு மொழி. அதன் பாயிண்டருக்கு என்ன அர்த்தம் என்பதை நாம் முடிவுசெய்கிறோம், சிப் முடிவுசெய்வதில்லை. ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன், இந்த வட்டாரத்தில் எல்லாரும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

அ என்று ஒரே ஒரு பைட் நீளமுள்ள அரே, ஆ என்று அதேபோல் இன்னொன்று. இரண்டுமே லோக்கல். ஆ-வின் மதிப்பு 0.

எ1 = எண்(அ + 1)
எ2 = எண்(ஆ)
எ1 == எ2 என்றால்:
    *பாயிண்டர்(எ2) = 10
    அச்சிடு ஆ[0]

அ + 1 என்பது அ-வின் முடிவைத் தாண்டி ஒரு இடம். அந்த முகவரியைக் கணக்கிடுவது சி-யில் அனுமதிக்கப்பட்டதுதான், அங்கே எழுதத்தான் கூடாது. ஸ்டாக்கில் அ-வுக்கு அடுத்து ஆ உட்கார்ந்திருந்தால் இரண்டு எண்களும் சமம், 10 அச்சாகும். இல்லையென்றால் எதுவும் அச்சாகாது. வேறு விடைக்கு இடமே இல்லை.

இப்போது ஆப்டிமைசரை ஓட்டுவோம். முதல் படி: இஃப்-க்குள் எ1-ம் எ2-ம் சமம் என்று தெரிந்துவிட்டது, எனவே எ2-க்குப் பதில் எ1 போடு. முழு எண்கள்தானே, ஜிவிஎன் (சமமான மதிப்புகளை ஒன்றாக்கும் ஆப்டிமைசேஷன்) தினமும் செய்கிற வேலை. இரண்டாம் படி: பாயிண்டர்(எண்(அ + 1)) என்பதை அ + 1 ஆக்கு. இது நீங்கள் கேட்கிற அதே சுருக்கம். மூன்றாம் படி: *(அ + 1) என்பது அ-விலிருந்து வந்த பாயிண்டர், அதன் வழியாக ஆ-வைத் தொட முடியாது, ஆகவே ஆ[0] இன்னும் 0-தான், அச்சிடு 0 என்று மாற்று.

நிரல் 0 அச்சிடுகிறது. மூல நிரலில் 0 அச்சாக வழியே இல்லை. மூன்று படிகளையும் தனித்தனியாகக் காட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். சேர்ந்தால் தப்பான விடை. ஆகவே மூன்றில் ஒன்று பொய். எது பொய் என்று நீங்கள் முடிவுசெய்தே ஆக வேண்டும். "பிட்களைக் காப்பி செய்" என்ற ஒரு வரியால் அந்த முடிவைத் தர முடியாது.

ஜூன்யங் லீ, நூனோ லோபஸ், ஜான் ரெகர், ரால்ஃப் யுங் உள்ளிட்டோர் 2018-இல் ஊப்ஸ்லா மாநாட்டில் எல்எல்விஎம்-இன் இந்தச் சிக்கலைப் பற்றியே ஒரு கட்டுரை கொடுத்தார்கள். அதற்கு முன்பே பக் ரிப்போர்ட்டுகள் இருந்தன.

எட்டுபிட்:

மூன்றாவதுதான் பொய். முகவரி சமம் என்றால் அது ஆ-வைத் தொடும். முடிந்தது கதை.

சுட்டிப்பையன்:

அப்படி முடித்தால் என்ன விலை என்று பாருங்கள். ஒரு ஃபங்ஷனில் லோக்கல் வேரியபிள் ஒன்று மெமரியில் இருக்கிறது, அதன் முகவரியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. நடுவில் எங்கிருந்தோ வந்த ஒரு பாயிண்டரில் எழுதுகிறேன், அல்லது வேறு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறேன். பாயிண்டர் வெறும் எண் என்றால், அந்த எண் தற்செயலாக என் லோக்கலின் முகவரியாக இருந்துவிடலாம். யாராவது ஊகித்துக்கூட எழுதிவிடலாம். எனவே ஒவ்வொரு ஸ்டோருக்குப் பிறகும், ஒவ்வொரு காலுக்குப் பிறகும் எல்லா லோக்கலையும் மெமரியிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்ள முடியாது. ரெஜிஸ்டர் அலகேஷனையே கை விட்ட மாதிரி.

நில அளவை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். என் மனையின் கிழக்கு எல்லையும் பக்கத்து மனையின் மேற்கு எல்லையும் ஒரே கல்லில்தான் நிற்கின்றன. கல் ஒன்று, பட்டா இரண்டு. என் பட்டாவைக் காட்டி அந்தப் பக்கம் வீடு கட்ட முடியாது. ஐஆர் பாயிண்டரில் முகவரியோடு சேர்த்து, அது எந்த ஒதுக்கீட்டிலிருந்து பிறந்தது என்ற விவரமும் இருக்கிறது. ப்ராவனன்ஸ் என்பது இதுதான். இனி பூர்வீகம் என்றே எழுதுகிறேன். ரன்டைமில் இது எங்கும் சேமிக்கப்படுவதில்லை, பொருள்வரையறையில் மட்டும் இருக்கிறது.

தூசிதட்டி:

தனி பாயிண்டர் வகையே இல்லாத ஐஆர்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். க்ரேன்லிஃப்ட் என்ற கம்பைலர் பேக்எண்டில் முகவரி என்பது வெறும் முழு எண். க்யூபிஇ-யும் அப்படியே. க்ரேன்லிஃப்டுக்குள் முதன்மையாக வருவது வெப்அசெம்பிளி. அதன் மெமரியே எண்களால் குறிக்கப்படும் ஒரு நீண்ட அரே. லோக்கல் வேரியபிள்கள் அந்த மெமரிக்குள் இல்லவே இல்லை, அவை தனி. ஆகவே எட்டுபிட் சொல்கிற மாடல் அங்கே நிம்மதியாக ஓடுகிறது. நிரல்வண்டு, உங்கள் மொழியில் லோக்கலின் முகவரியை எடுக்க முடியுமா?

நிரல்வண்டு:

முடியும். சி மாதிரிதான். அதனால் பூர்வீகம் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறேன்.

சரி, முதல் படியைப் பொய் என்று வைத்தால்? அதாவது எண்ணுக்குள்ளும் பூர்வீகம் போகட்டும். எ1-க்கு அ-வின் பூர்வீகம், எ2-க்கு ஆ-வின் பூர்வீகம். சமம் என்றாலும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக்கூடாது. அப்போது என் சுருக்கம் பிழைத்துவிடும்.

மெய்யெழுத்து:

உங்கள் சுருக்கம் பிழைக்கும், முழு எண் கணக்கு செத்துப்போகும். ஒரு எண்ணைப் பார்த்தால் அது பாயிண்டரிலிருந்து வந்ததா இல்லையா என்று பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது; பாராமீட்டராக வந்திருக்கும். ஆகவே எந்த எண்ணுக்கும் சமமானதைப் பதிலாகப் போட முடியாது. எ2 - எ1 + எ1 என்பதை எ2 என்று சுருக்கலாமா? எக்ஸ்-ஐ எக்ஸோடு எக்ஸ்ஓஆர் செய்தால் வரும் 0-வுக்குப் பூர்வீகம் உண்டா? 0 என்று மாற்றினால் பூர்வீகத்தை இழந்துவிட்டோமா? பள்ளிக்கூட இயற்கணிதம் ஒவ்வொன்றுக்கும் விதிவிலக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டும். நிரல்களில் முழு எண் கணக்கு எத்தனை இடத்தில் வருகிறது, இன்ட்-டு-பிடிஆர் எத்தனை இடத்தில் வருகிறது? எதை மெதுவாக்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜிசிசி கம்பைலர் மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பாயிண்டரை எண்ணாக்கித் திரும்பப் பாயிண்டராக்கினால், அது மூலப் பாயிண்டர் காட்டிய அதே ஆப்ஜெக்டைத்தான் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் யுபி (வரையறுக்கப்படாத நடத்தை) என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே ஜிசிசி முழு எண்களைச் சமம் பார்த்து மாற்றிப்போடவும் செய்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்தால் என்ன ஆகும் என்று மேலே சுட்டிப்பையன் காட்டிவிட்டார்.

பழையசோறு:

சி ஸ்டாண்டர்டு பக்கத்துக் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சண்டை அங்கேதான் ஆரம்பம். சி99-இல் பாயிண்டரைத் தாங்கும் முழு எண் வகையாக யுஇன்ட்பிடிஆர்-டி வந்தது. அதற்குக் கொடுத்த உத்தரவாதத்தைக் கவனமாகப் படியுங்கள்: வாய்ட் பாயிண்டரை அதில் போட்டுத் திரும்ப எடுத்தால், வருவது மூலப் பாயிண்டரோடு ஒப்பிடும்போது சமமாக இருக்கும். அவ்வளவுதான். "அதே பாயிண்டர்" என்று சொல்லவில்லை. அ + 1-ம் ஆ-வும்கூட ஒப்பிட்டால் சமமாக வரலாம்.

அப்புறம் டிஆர் 260 (டிஃபெக்ட் ரிப்போர்ட்) என்று ஒரு கேள்வி. பிட்கள் ஒன்றாக இருந்தாலும் அவை எங்கிருந்து வந்தன என்பதை வைத்துக் கம்பைலர் இரண்டு பாயிண்டர்களை வேறாக நடத்தலாம் என்று கமிட்டி 2004-இல் பதில் கொடுத்தது. பதில் கொடுத்தார்களே தவிர, ஸ்டாண்டர்டு வாசகத்தில் அதைக் கொண்டுவரவில்லை. இருபது வருஷம் எல்லாரும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள்.

கேம்பிரிட்ஜில் பீட்டர் செவல் குழுவும், யென்ஸ் குஸ்டெட், மார்ட்டின் உக்கர் போன்றவர்களும் சேர்ந்து இதை ஒழுங்குபடுத்தினார்கள். அது 2025-இல் ஐஎஸ்ஓ டிஎஸ் 6010 என்ற தனி ஆவணமாக வந்திருக்கிறது. மாடலின் பெயர் பிஎன்விஐ-ஏஇ-யுடிஐ. பெயரைக் கேட்டு ஓடிவிடாதீர்கள். பிஎன்விஐ என்றால் எண்கள் வழியாகப் பூர்வீகம் போகாது. ஏஇ என்றால், ஒரு ஆப்ஜெக்டின் முகவரியை யாராவது எண்ணாக்கியிருந்தால் அது வெளிப்பட்ட ஆப்ஜெக்ட். எண்ணைப் பாயிண்டராக்கும்போது வெளிப்பட்ட ஆப்ஜெக்டின் பூர்வீகம் மட்டுமே கிடைக்கும். யுடிஐ என்றால், அந்த எண் ஒன்றின் முடிவாகவும் இன்னொன்றின் தொடக்கமாகவும் இருக்கும்போது, அந்தப் பாயிண்டரை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்களோ அதை வைத்து எதன் பூர்வீகம் என்று முடிவாகும்.

நிரல்வண்டு:

அப்போது மேலே உள்ள உதாரணத்தில் பொய் சொல்வது இரண்டாம் படி. என் சுருக்கம். பாயிண்டர்(எ1) என்பதற்கு ஆ-வின் பூர்வீகமும் கிடைக்கலாம், அ + 1-க்கு ஒருநாளும் கிடைக்காது. ஆகவே முதலாவதை இரண்டாவதாக மாற்றினால் நிரலை யுபி-க்குள் தள்ளுகிறோம். புரிந்தது.

எல்எல்விஎம் இப்போது அந்தச் சுருக்கத்தை விட்டுவிட்டதா?

சுட்டிப்பையன்:

விடவில்லை, நீண்ட காலமாகச் செய்கிறது. அதை நிறுத்திவைத்து விளைவைப் பார்க்க ஒரு ஆப்ஷனும் உள்ளே வைத்திருந்தார்கள். வெறுமனே நிறுத்தினால் வேகம் அடிபடும் இடங்கள் இருக்கின்றன, ஏனென்றால் எல்எல்விஎம் தானாகவே சில இடங்களில் பாயிண்டரை எண்ணாகப் படித்து எழுதி இந்த ஜோடிகளை உண்டாக்குகிறது. அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டுத்தான் சுருக்கத்தை எடுக்க முடியும். பெரிய பழைய வீட்டில் வயரிங் மாற்றுகிற வேலை, நேரம் எடுக்கும். உங்களுடையது புதுசு, ஆரம்பத்திலிருந்தே சரியாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதோடு முடியவில்லை. இன்னும் சங்கடமான ஒன்று இருக்கிறது. "எண்ணாக்கினால் வெளிப்பட்டது" என்று பழையசோறு சொன்னார் அல்லவா? அப்படியானால் பிடிஆர்-டு-இன்ட் என்பது வெறும் கணக்கு இல்லை, அது பின்விளைவு உள்ள கட்டளை. அதன் விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்பதற்காக அதை அழிக்கக்கூடாது!

அதே உதாரணத்தில் எ2-க்குப் பதில் எ1 போட்டாயிற்று. ஸ்டாக் அமைப்பு முன்பே தெரிந்து ஒப்பீடும் "உண்மை" என்று சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்(ஆ)-வை இப்போது யாரும் தொடவில்லை. டெட் கோடு என்று துடைத்துவிடுவோம். துடைத்தால் ஆ வெளிப்படவே இல்லை, பாயிண்டர்(எ1) ஆ-வைத் தொடும் உரிமையை இழந்தது, மறுபடி அதே 0. எல்எல்விஎம் பயன்படாத பிடிஆர்-டு-இன்ட்டைத் தயங்காமல் துடைக்கிறது.

2018 கட்டுரைக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள்: எண்ணிலிருந்து வந்த பாயிண்டர்களைத் தனி ரகமாக வைத்து, யாரும் முகவரியை ஊகித்து லோக்கலைத் தொட முடியாதபடி, ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் கற்பனையில் இரண்டு இடம் ஒதுக்கி, எது நிஜம் என்று தெரியாமல் வைத்தார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனை. தனியாளாக எழுதும் கம்பைலருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எட்டுபிட்:

ஆக, ஒன்றும் செய்யாத கட்டளை, விடையையும் யாரும் பார்க்கவில்லை, ஆனால் அழிக்கக்கூடாது. இதைக் கேட்டுவிட்டும் "இல்லாத சிக்கல்" என்று நான் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கிறீர்கள்.

மெய்யெழுத்து:

நியாயமான கடுப்பு. அதற்குப் பதில்: பிடிஆர்-டு-இன்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. நிஜ கோடில் பாயிண்டரை ஏன் எண்ணாக்குகிறோம் என்று பாருங்கள். அலைன்மென்ட் சோதிக்க. ஹாஷ் போட. இரண்டு பாயிண்டர்களுக்கு நடுவே எத்தனை பைட் என்று கழிக்க. லாகில் அச்சிட. இவற்றில் ஒன்றிலும் அந்த எண் திரும்பப் பாயிண்டராகப் போவதில்லை. முகவரி மட்டும் வேண்டும், யாருக்கும் உரிமை தரத் தேவையில்லை. உண்மையிலேயே திரும்பப் போகிற இடம் வெகு குறைவு.

ரஸ்ட் மொழி இதைத்தான் பிரித்தது. 2022-இல் சோதனையாகத் தொடங்கி, 2025 ஜனவரியில் வந்த 1.84-இல் நிலையான ஏபிஐ ஆனது. முகவரியை மட்டும் கொடு என்று ஒரு ஃபங்ஷன், அது பின்விளைவு இல்லாதது. பூர்வீகத்தை வெளிப்படுத்திவிட்டு முகவரியைக் கொடு என்று இன்னொன்று. வெளிப்பட்டவற்றிலிருந்து பாயிண்டர் செய் என்று மூன்றாவது. எனக்கு மிகவும் பிடித்தது நாலாவது: இந்தப் பாயிண்டரின் பூர்வீகத்தை வைத்துக்கொள், முகவரியை மட்டும் இந்த எண்ணாக மாற்று. இது இருந்தால் டேக் செய்த பாயிண்டர், கீழ் பிட்டில் கொடி வைப்பது எல்லாம் வெளிப்படுத்தாமலே நடக்கும்.

எல்எல்விஎம்-உம் 2025-இல் பிடிஆர்-டு-அட்ரஸ் என்று தனிக் கட்டளை சேர்த்தது. முகவரியை எடுக்கும், பூர்வீகத்தை வெளிப்படுத்தாது. பயன்படாவிட்டால் தாராளமாக அழிக்கலாம்.

செரிப்பழம்:

அந்தக் கட்டளையைத் தள்ளிக்கொண்டு வந்ததில் எங்கள் பக்கத்துக்கும் பங்கு உண்டு. செரி ஹார்ட்வேரில் (ஆர்மின் மொரெல்லோ போர்டு 2022-இல் வெளிவந்தது) பாயிண்டர் 128 பிட். 64 பிட் முகவரி, மீதியில் எல்லையும் அனுமதியும். அதற்கு மேல் மெமரிக்கு வெளியே ஒளித்து வைத்த ஒரு டேக் பிட். எட்டுபிட் கவனிக்க: இங்கே பூர்வீகம் கற்பனை இல்லை, சிலிக்கானில் இருக்கிறது. எண்ணிலிருந்து பாயிண்டர் செய்தால் டேக் இருக்காது, தொட்டால் ட்ராப், சிப்பே தடுத்துவிடும்.

நிரல்வண்டுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம்: "பாயிண்டரின் அகலம்" என்று ஒரே ஒரு எண்ணை ஐஆரில் வைக்காதீர்கள். மெமரியில் எத்தனை பிட் என்பது வேறு, முகவரி எத்தனை பிட் என்பது வேறு. செரி வேண்டாம் என்றாலும் ஜிபியூ பக்கம் போங்கள்: ஏஎம்டி-க்கான எல்எல்விஎம் பேக்எண்டில் 7-ஆம் அட்ரஸ் ஸ்பேஸ் பாயிண்டர் 160 பிட், அதில் ஆஃப்செட் 32 பிட் மட்டும். பாயிண்டரை அப்படியே எண்ணாக்கினால் 160 பிட் எண் ஒன்று கிடைக்கும். அதை வைத்து என்ன கணக்குப் போடுவது?

நிரல்வண்டு:

இதுவரை வந்ததை என் ஐஆருக்கு இப்படி எழுதுகிறேன், உடைத்துப் பாருங்கள்.

"முகவரி": பாயிண்டர் கொடுத்தால் முகவரி எண். பின்விளைவு இல்லை. "வெளிப்படுத்து": அதே எண், கூடவே அந்த ஒதுக்கீடு வெளிப்பட்டதாகிறது, அழிக்கக்கூடாது. "மீட்டெடு": எண் கொடுத்தால், வெளிப்பட்ட ஒதுக்கீடுகளில் நிரலை யுபி ஆக்காத ஒன்றின் பூர்வீகத்தோடு பாயிண்டர். "முகவரி-மாற்று": பழைய பூர்வீகம், புது முகவரி.

மொழியின் சாதாரண காஸ்ட்டை வெளிப்படுத்து, மீட்டெடு என்று இறக்குவேன். காஸ்ட்டின் விடை ஒப்பீட்டுக்கோ பிட் சோதனைக்கோ மட்டும் போகிறது என்று ஃப்ரன்ட்எண்டிலேயே தெரிந்தால் "முகவரி".

சுட்டிப்பையன்:

நன்றாக இருக்கிறது. அலையாஸ் அனாலிசிஸ் (எந்தப் பாயிண்டர் எதைத் தொடலாம் என்று பார்க்கும் ஆய்வு) பக்கம் இது பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. வெளிப்படுத்து என்பதை எஸ்கேப் என்று நடத்துங்கள், பாயிண்டரைத் தெரியாத ஃபங்ஷனுக்குக் கொடுத்த மாதிரி. மீட்டெடு என்பதை எங்கிருந்தோ வந்த பாயிண்டர் என்று நடத்துங்கள். வெளிப்பட்ட எதையும் தொடலாம், வெளிப்படாத லோக்கலைத் தொடாது. எந்தப் பூர்வீகம் தேர்வாகிறது என்று கம்பைலர் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை.

நகர்த்தும்போது பாருங்கள். மீட்டெடு-வைக் கீழே நகர்த்தலாம், பயன்படாவிட்டால் அழிக்கலாம்; ஒரு வெளிப்படுத்து-க்கு மேலே தூக்கக்கூடாது, தூக்கினால் அந்த ஒதுக்கீடு அதன் கண்ணில் படாது.

மெய்யெழுத்து:

ஒரே எண்ணுக்கு இரண்டு மீட்டெடு இருந்தால் ஒன்றாக்கலாமா என்பதையும் எழுதிவையுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். அ-வும் ஆ-வும் இரண்டுமே வெளிப்பட்டு, எண் இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கல்லில் நிற்கிறது. முதல் மீட்டெடு-விலிருந்து ஒன்றைக் கழித்து அ-வைத் தொடுகிறேன், இரண்டாவதிலிருந்து நேரே ஆ-வைத் தொடுகிறேன். தேர்வு காஸ்ட் நடக்கும் நேரத்தில் என்று நீங்கள் வரையறுத்தால், இரண்டையும் ஒன்றாக்குவது தப்பு, ஏனென்றால் ஒரே பாயிண்டருக்கு இரண்டு பூர்வீகம் இருக்க முடியாது. ஒவ்வொரு லோடு, ஸ்டோர் நேரத்திலும்தான் தேர்வு என்று வரையறுத்தால் ஒன்றாக்கலாம், ஆனால் எல்லைக்குட்பட்ட பாயிண்டர் கணக்குக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க வேண்டிவரும். நான் முதலாவதை எடுத்துக்கொண்டு, அந்த ஆப்டிமைசேஷனை விட்டுவிடுவேன். மீட்டெடு அரிதாகத்தான் வரும்.

நிரல்வண்டு:

முதலாவதே. அடுத்த தலைவலி: மெமரி. பாயிண்டரை மெமரியில் எழுதி, அதே எட்டு பைட்டை எண்ணாகப் படித்தால்? ஒரே இடத்தை இரண்டு வகையாகப் பார்க்கும் யூனியனில் இது சகஜம். போதாக்குறைக்கு, மெமரித் துண்டை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி-யை நான் 64 பிட் லோடு, ஸ்டோராக மாற்றுகிறேன்.

சுட்டிப்பையன்:

அந்த மெம்காப்பி மாற்றத்தை எல்எல்விஎம்-உம் செய்கிறது, அங்கேயும் அதுதான் காலில் குத்துகிற முள். எண்ணுக்குப் பூர்வீகம் இல்லை என்று சொல்லிவிட்டோம். எனவே எண்ணாக லோடு செய்தால் பூர்வீகம் கழன்றுவிடும். அந்த எண்ணை வேறிடத்தில் ஸ்டோர் செய்து, அங்கிருந்து பாயிண்டராகப் படித்தால் பூர்வீகம் இல்லாத பாயிண்டர். ஒரு ஸ்ட்ரக்டை மெம்காப்பி செய்த பாவத்துக்கு உள்ளிருந்த பாயிண்டர் எல்லாம் செல்லாக்காசு.

"எண்ணாக லோடு செய்தால் தானாக வெளிப்படட்டும்" என்றால், ஒவ்வொரு லோடும் பின்விளைவு உள்ளதாகிவிடும். அது பேரழிவு.

எல்எல்விஎம்-இல் முன்வைக்கப்பட்ட விடை பைட் வகை: எண்ணும் இல்லை, பாயிண்டரும் இல்லை, மெமரியில் உள்ளதை உள்ளபடி தூக்கிச் செல்லும் ஒரு வகை. 2021-இல் முதலில் வந்தபோது பெரிய எதிர்ப்பு. புது வகை என்றால் எல்லா பாஸையும் (ஆப்டிமைசரின் ஒவ்வொரு படியையும்) தொட வேண்டும். 2025-இல் மறுபடி எடுத்தார்கள். உங்களிடம் எத்தனை பாஸ் இருக்கிறது? இன்றே சேருங்கள். அதில் கூட்டல் கழித்தல் கிடையாது. லோடு, ஸ்டோர், மற்ற வகைக்கு மாற்று, அவ்வளவுதான். மெம்காப்பி-யை அந்த வகையில் இறக்குங்கள். உங்கள் மொழியில் கேரக்டர் வகைக்கு சி போல எதையும் காப்பி செய்யும் உரிமை இருந்தால், அதையும் இதிலேயே இறக்குங்கள்.

எட்டுபிட்:

எல்லாம் சரி, என் எல்இடி எரியுமா? அந்த முகவரியை எந்த நிரலும் வெளிப்படுத்தவில்லையே.

சுட்டிப்பையன்:

எரியும். கம்பைலர் ஒதுக்காத மெமரியைப் பற்றி அதற்குக் கருத்தே கிடையாது. பூஜ்யமில்லாத நிலையான எண் ஒன்று எல்எல்விஎம்-க்கு வெளியே ஒதுக்கப்பட்ட இடத்தைக் குறிக்கலாம் என்று எல்எல்விஎம் கையேடே சொல்கிறது. நிரல்வண்டு வரையறையில் ஒரு வரி சேர்த்தால் போதும்: நிரலுக்கு வெளியே உள்ள மெமரி தொடக்கத்திலிருந்தே வெளிப்பட்டது. கம்பைலர் அந்த அணுகலை நீக்காமலிருக்க வாலடைல் போட மறக்காதீர்கள், அது வேறு வழக்கு.

தூசிதட்டி:

பாயிண்டர் ஒப்பீட்டையும் மறந்துவிடாதீர்கள். இரண்டு பாயிண்டர் சமம் என்பதற்கு முகவரி சமம் என்றுதான் பொருள் வைப்பீர்கள். ஆகவே இஃப்-க்குள் சமமான பாயிண்டரை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடக்கூடாது. எண்ணில் போடலாம், பாயிண்டரில் கூடாது. ஜிவிஎன் எழுதும்போது கை தானாகப் போய்விடும். எல்எல்விஎம்-இல் இதற்கென்றே "பாயிண்டர் சமமானால் மாற்றலாமா" என்று கேட்கும் ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கிறார்கள். நல் பாயிண்டர் மாதிரி சில பாதுகாப்பான இடங்களுக்குத்தான் அது சரி என்று சொல்லும்.

ஃபங்ஷன் பாராமீட்டருக்கு எஸ்கேப் தகவல் எழுதுகிறீர்கள் என்றால் அதையும் பிரியுங்கள். எல்எல்விஎம் 21-இல் பாராமீட்டருக்கான நோகேப்ச்சர் என்ற குறிப்பு போய் கேப்ச்சர்ஸ் வந்தது: முகவரி மட்டும் வெளியே போகிறதா, பூர்வீகமும் போகிறதா என்று தனித்தனியாகச் சொல்லலாம். பாயிண்டரை ஒப்பிட மட்டும் செய்கிற ஃபங்ஷனால் உங்கள் லோக்கல் கெடாது.

நிரல்வண்டு:

பைட் வகையை இன்றிரவே சேர்க்கிறேன். கடைசியாக ஒன்று: வெளிப்படுத்து-வை அழிக்காமல் வைத்திருந்தால் கடைசியில் மெஷின் கோடில் ஒரு வெற்று மூவ் மிச்சம் இருக்குமா? அப்புறம் இதையெல்லாம் எப்படி டெஸ்ட் செய்வது, உதாரணம் சொல்கிற மாதிரி அ-வுக்கு அடுத்து ஆ வரவேண்டுமே?

மெய்யெழுத்து:

மூவ் மிச்சம் இருக்காது. கட்டளைத் தேர்வுக்குப் போகும்போது பூர்வீகம் பார்க்கிற பாஸ் எல்லாம் முடிந்திருக்கும். அந்த இடத்தில் நாலு கட்டளையையும் வெற்றுக் காப்பியாக்கி, பயன்படாததைத் துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எவரும் அலையாஸ் கேள்வி கேட்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. கட்டளைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் கேட்கும் என்றால் ஷெட்யூலருக்குப் பிறகு துடையுங்கள்.

டெஸ்டுக்கு ஐஆரை நேரே ஓட்டும் ஒரு சின்ன இன்டர்ப்ரெட்டர் எழுதுங்கள், ரஸ்டின் மிரி மாதிரி. பாயிண்டர் என்றால் அதில் ஒதுக்கீட்டு எண், முகவரி என்று ஜோடியாக வையுங்கள். அதன் அலகேட்டரை வேண்டுமென்றே கஞ்சத்தனமாக எழுதுங்கள்: ஒதுக்கீடுகளை இடைவெளியே விடாமல் ஒட்டி ஒட்டி அடுக்க வேண்டும், விடுவித்த இடத்தை உடனே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், வரிசையை ஒவ்வொரு ஓட்டத்திலும் சீடு வைத்துக் குலுக்க வேண்டும். மீட்டெடு-வுக்குச் சரியான பூர்வீகத்தை முன்கூட்டியே ஊகிக்க முயலாதீர்கள். பொருந்துகிற எல்லாவற்றையும் பட்டியலாக வைத்துக்கொண்டு, முதல் அணுகலில் ஒன்றாகச் சுருக்குங்கள். பிறகு ஒவ்வொரு பாஸுக்கும் முன்னும் பின்னும் ஓட்டி அச்சானதை ஒப்பிடுங்கள். சுட்டிப்பையன் கொடுத்த ஐந்து வரிதான் முதல் டெஸ்ட். விடை 10, அல்லது எதுவுமில்லை. 0 வந்தால் எந்த பாஸுக்குப் பிறகு வந்தது என்று இங்கே போடுங்கள், பார்க்கலாம்.